கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?



போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'போடி அக்கா' என்றே சொல்கிறேன். ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன்பே உலை வைத்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்பில் ஒண்டி உட்கார்ந்து, முந்தல் தாண்டிப் போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறுகிறார். மறுபடி பொழுது சாய அதே பதினேழும் இறங்குகிறார். மேலே ஏலச்செடியின் காய் தலைக்கு மேலே தொங்குவதில்லை. செடியின் அடித்தூரில், தரையோடு தரையாக ஓடும் சரத்தில் பிடித்திருக்கும். குனிந்தும் குத்துக்காலிட்டும், முற்றிய பருவம் பார்த்து, பிஞ்சு உதிராமல் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். மழைக்கு முதுகில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை.

இதையெல்லாம் அவர் குறையாக எழுதவில்லை. போகிற போக்கில் எழுதியிருந்தார். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்து நின்றதே, அந்த வாரமும் தாம் வேலைக்குப் போனதாக ஒரு வரி. யானை வருமென்று வீட்டில் இருந்தால் வட்டிக்காரர் வந்துவிடுவாராம். படித்துச் சிரித்துவிட்டேன். அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது:

"அப்பா போயி வருசம் ஆகப்போகுது. அண்ணன் பத்திர ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுது. போடவும் மனசு வரல, கேக்கவும் பயமா இருக்கு. கிறிஸ்தவப் பொம்பள அண்ணங்கிட்ட பங்கு கேட்டா தப்பாக்கா?"

யானைக்குப் பயப்படாத மனுஷி அண்ணனுக்குப் பயப்படுகிறார். நம்மில் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது என்று நினைக்கிறேன். பயம் அண்ணன்மேல்கூட இல்லை. பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமே என்கிற பயம். நாளைக்குப் பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் யார் கொண்டு வருவார்? கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டுக்குப் போவது? நாமே படுக்கையில் விழுந்தால் வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை லேசாக எண்ணுகிறவர்கள் பெண்ணாகப் பிறந்து இன்னொரு வீட்டில் வாழ்ந்து பார்க்காதவர்கள்.

இத்தோடு நம் சபைகளும் ஒரு பாரத்தை ஏற்றி வைத்திருக்கின்றன. சாந்தமும் அடக்கமும் பெண்ணுக்கு அழகு என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! ரூத்தின் பணிவு, மரியாளின் கீழ்ப்படிதல், மார்த்தாளின் அடுப்படி. எல்லாம் நல்ல செய்திகள்தான், நானும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் அவற்றைப் பேசியவள்தான். ஆனால் எண்ணாகமம் 27-ம் அதிகாரத்தை எடுத்துவைத்து யாராவது அரை மணி நேரம் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

அங்கே ஐந்து அக்கா தங்கைகள் வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். தகப்பன் பெயர் செலொப்பியாத். வனாந்தரத்தில் செத்துப்போனார், ஆண்பிள்ளை கிடையாது. கானானில் நிலம் பிரிக்கக் கணக்கெடுப்பு முடிந்திருக்கிற சமயம். கணக்கில் ஆண்கள் பெயர்தான். இந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடாரத்து வாசலுக்கு வந்து, மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபையார் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று வழக்கைச் சொல்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் வம்சத்திலிருந்து அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். அழுகை இல்லை, சாபம் இல்லை. தகப்பன் கோராகின் கலகக் கூட்டத்தில் சேரவில்லை என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். எதிர்த்தரப்பு எதைக் கிளப்பும் என்று யோசித்து வந்திருக்கிறார்கள், பாருங்கள். கெட்டிக்காரப் பெண்கள்.

மோசேக்குப் பதில் தெரியவில்லை. கர்த்தரிடம் கொண்டு போகிறார். பெண்கள் சொல்வது சரி என்று கர்த்தர் தீர்ப்புச் சொல்கிறார். இந்த ஐவருக்கும் காணி கிடைத்ததோடு முடியாமல், இஸ்ரவேலுக்கே சுதந்தர விதி ஒன்று அதிலிருந்து பிறக்கிறது. (36-ம் அதிகாரத்தில் அதே கோத்திரத்துப் பெரியவர்கள் திரும்பி வருகிறார்கள். இந்தப் பெண்கள் வெளிக் கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் கைமாறிப் போகுமே என்று முறையிட்டு, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கலியாணம் என்று நிபந்தனை வாங்கிக்கொள்கிறார்கள். சித்தப்பா பெரியப்பாக்கள் எல்லா யுகத்திலும் உண்டு.)

அண்ணன் தம்பி இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாதே என்று போடி அக்கா கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவர் தினமும் ஏறுகிற அதே மலையில் இருக்கிறது.

போடி பழைய மதராஸ் மாகாணம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம். இன்றைக்கு ஜீப் சோதனைச் சாவடியைத் தாண்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் ஒரு காலத்தில் அந்த முகட்டைத் தாண்டினால் ஒரு கிறிஸ்தவ மகளின் மதிப்பே மாறிவிடும். 1916-ல் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் வந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்குக் கிடைக்கும் பங்கில் கால்வாசி மகளுக்கு. இல்லையென்றால் ஐயாயிரம் ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. அதுவும், ஸ்திரீதனம் கொடுத்துவிட்டாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதற்குமேல் ஒரு காசும் கேட்க முடியாது. விதவைக்கோ உயிரோடு இருக்கும் வரைக்கும் அனுபவ பாத்தியதை, மறுமணம் செய்தால் அதுவும் போச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மகன் பங்கு பத்து லட்சம் என்றால் கால்வாசி இரண்டரை லட்சம். ஆனால் குறைவானது எதுவோ அதுதானே? ஆகவே ஐயாயிரம். 1916-ல் ஐயாயிரம் பெரிய பணம். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது, இந்தத் தொகை மட்டும் அறுபது எழுபது வருடம் அங்கேயே நின்றது. இந்த வழியாக எத்தனை பெண்களின் பங்கு ஆவியாகிப் போயிருக்கும்! 1956-ல் நம்மோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்தப் பழைய சட்டமே செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1978-ல் சொன்னது. ஆக, இது மலையாளத்துக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர் மேரி ராய். கோட்டயத்தில் 1967-ல் பள்ளிக்கூடம் தொடங்கியவர், எழுத்தாளர் அருந்ததி ராயின் தாயார். அவர் கதையின் முதல் காட்சி நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. கணவரைப் பிரிந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போக்கிடம் இல்லாமல், இறந்துபோன அப்பாவுக்கு ஊட்டியில் இருந்த சிறிய வீட்டில் வந்து தங்கினார். அப்பா உயில் எழுதிவைக்கவில்லை. கூடப்பிறந்தவரும் பெற்ற தாயும் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மேரி ராய் பதறியடித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். ஊட்டி தமிழ்நாட்டில் இருப்பதால் திருவிதாங்கூர்ச் சட்டம் இங்கே செல்லாது என்று தெரிந்தது. பிழைத்தார்கள். ஒரே அப்பா, ஒரே மகள். மலைக்கு இந்தப் பக்கம் உரிமை, அந்தப் பக்கம் ஐயாயிரம் ரூபாய்!

அன்று தப்பித்ததோடு விட்டிருக்கலாம். ஆண்டுகள் கழித்து, சொந்தக் காலில் நின்ற பிறகு, 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இன்னும் சில கிறிஸ்தவப் பெண்களும் மனுதாரர்களாக நின்றார்கள். 1986 பிப்ரவரி 24-ம் தேதி தலைமை நீதிபதி பி.என். பகவதி அமர்வு தீர்ப்புக் கொடுத்தது. திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தபின் 1951-லேயே அந்தப் பழைய சட்டம் மடிந்துவிட்டது, 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1978 தீர்ப்பும் இதோடு போயிற்று.

ஊர் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். குடும்பங்கள் உடையும், பழைய பத்திரங்களெல்லாம் கேள்விக்குள்ளாகும் என்று கூக்குரல் எழுந்தது. எதிர்த்தவர்களில் சபைத் தலைவர்களும் இருந்தார்கள். தீர்ப்பின் முன்தேதிப் பலனைத் துடைத்துப்போட மசோதாகூடத் தயாரானது. மேரி ராய்க்குச் சொந்தப் பங்கு கைக்கு வந்து சேர மேலும் பல வருடங்கள் கீழ் நீதிமன்றங்களில் நடக்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் 1-ம் தேதி காலமானார்.

அவர் சாதுவான பெண்மணி இல்லை. மகள் 2025-ல் தாயைப் பற்றி எழுதி வெளியிட்ட புத்தகத்தில் அந்தக் கோபமும் கடுமையும் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. தைரியசாலிப் பெண்ணுக்கு நற்குணச் சான்றிதழும் கூடவே இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே ஒரு தந்திரம்தானோ என்று எனக்குச் சந்தேகம். ஆண்களில் தைரியசாலி யாரிடமும் அதைக் கேட்டதில்லையே!

எல்லாருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போக வசதியில்லை. சரி, போடிமெட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே போவோம். பூப்பாறை, தேவிகுளம் தாண்டினால் மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கொழுந்து கிள்ளப் போன குடும்பங்கள். அந்த வருடம் போனஸைக் கம்பெனி 10 சதவீதமாகக் குறைத்தது. 20 வேண்டும் என்றார்கள் பெண்கள். அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய், அதை 500 ஆக்கு என்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை மேடைப் பக்கம் வரவிடாமல் துரத்தினார்கள். வீட்டு ஆண்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கூடை எங்கள் முதுகில், பணப்பை உங்கள் கையில் என்கிற பொருளில் கோஷம் போட்டார்கள். லிசி சன்னி, கோமதி அகஸ்டின், ராஜேஸ்வரி என்று மூன்று பெண்களின் பெயர் நாடெல்லாம் தெரிந்தது.

ஒன்பது நாள். அன்றைய கேரள முதலமைச்சர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பிறகு, போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி ஐந்நூறு ஆகவில்லை, பின்னால் 301 ஆயிற்று. அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் நின்று ஜெயித்தார்கள். பிறகு தலைவிகளுக்குள் பிணக்கு, கட்சிகளின் இழுப்பு, பழைய பலம் நிலைக்கவில்லை. அதனால் அந்த ஒன்பது நாள் பொய்யாகிவிடுமா? கணக்கு நோட்டை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத பெண்கள், கணக்கைக் காட்டு என்று கேட்டதும், கேட்டதில் பாதியாவது வாங்கியதும் நடந்த விஷயம்.

நம் சபைச் சரித்திரத்திலும் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை கோகிலா ஞானஸ்நானம் கேட்டார். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்கிறார் என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் மறுபடி கேட்டார். 1778-ல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1785-ல் அவர் முயற்சியில் அங்கே எழும்பிய கோயிலைத் திருநெல்வேலிச் சனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். மறுத்த அதே ஸ்வார்ட்ஸ் ஐயர்தான் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். நெல்லைத் திருச்சபை அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. மறுத்ததற்காக அம்மையார் ஐயரைப் பகைத்துக்கொள்ளவில்லை, கேட்பதையும் நிறுத்தவில்லை. எனக்கு இதில் பிடித்தது அதுதான்.

இனி போடி அக்காவுக்கு நேராகவே வருகிறேன்.

அக்கா, கேட்பது தப்பில்லை. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மா இருக்கும் பட்சத்தில் மூன்றில் ஒரு பாகம் அம்மாவுக்கு. மீதி இரண்டு பாகம் பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாக. கலியாணமான மகள், ஆகாத மகள் என்று சட்டம் பிரிக்கவில்லை. நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதால் பங்கு கழியாது. அப்பா உயில் எழுதியிருந்தால் கதை வேறு. கிறிஸ்தவர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம், அதில் பிள்ளை கேள்வி கேட்க இடம் குறைவு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "உயில் இருக்காண்ணே?" என்பதுதான்.

அண்ணன் கையெழுத்துப் போடச் சொல்வது அநேகமாக விடுதலைப் பத்திரமாக, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமாக இருக்கும். பத்திர ஆபீஸ் வாசலில் இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலையிலேயே கார் வந்து கூட்டிப்போகும். புதுச் சேலை ஒன்று மடியில் இருக்கும். பத்திர எழுத்தர் பாதி வாசித்து மீதியை முழுங்குவார். முழு மனதோடு, யாருடைய கட்டாயமும் இன்றி என்று அதில் எழுதியிருப்பது அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. போட்டோ, கைரேகை, கையெழுத்து. பிறகு எல்லாருமாகப் பிரியாணி. பதிவாகிவிட்டால் அதைத் திருப்புவது லேசுப்பட்ட காரியம் அல்ல.

அதனால் சொல்கிறேன், பத்திரத்தின் நகலை முன்கூட்டியே வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளை ஒன்றை விட்டு முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். கோர்ட்டு, கச்சேரி என்று எடுத்தவுடன் போக வேண்டாம். அம்மாவும் இருக்கிற நேரமாகப் பார்த்து, அண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு கேளுங்கள். செலொப்பியாத்தின் பெண்கள் ஐந்து பேராகப் போனார்கள், ஒருத்தியை அனுப்பிவிட்டு மற்றவர்கள் பின்னால் நிற்கவில்லை. அண்ணன் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது யார், கடனை அடைத்தது யார் என்பதும் கணக்கில் வர வேண்டும்தானே. எல்லாம் பேசியபின், "அண்ணனே வச்சுக்கட்டும், எனக்கு மனசு நிறைஞ்சுதான் கொடுக்கறேன்" என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் உங்கள் உரிமை. அப்படிக் கொடுப்பவளைக் கையாலாகாதவள் என்று நான் சொல்ல மாட்டேன். தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து கொடுப்பவள் அவள்.

வாசல் அடைபடாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சில வீடுகளில் அடைபட்டிருக்கிறது. சில வீடுகளில் இரண்டு கிறிஸ்துமஸ் கழித்துத் திறந்தும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் சபைக்கு வேலை என்று நினைக்கிறேன். சமாதானம் செய்யப் போகிற போதகரும் மூப்பர்களும், "ஏம்மா, அண்ணன்கிட்ட இப்படிக் கேக்கலாமா?" என்று தங்கையிடம் ஆரம்பிக்காமல், "தங்கச்சிக்கு என்னப்பா செய்யப் போற?" என்று அண்ணனிடம் ஆரம்பித்தால் பாதி வழக்கு வாசலிலேயே முடிந்துவிடும். நம் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் கூடும்போது, ஜெபக்குறிப்புகளோடு இதையும் ஒருநாள் பேசட்டுமே. அறுப்பின் பண்டிகைக்கு எந்தச் சேலை என்று பேசுகிற நேரத்தில் கால்வாசி போதும்.

அடுத்த இதழில் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு எழுதப் போகிறோம். வாரிசுச் சான்றிதழ் வாங்குவது எப்படி, வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது, விடுதலைப் பத்திரத்தில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும், மலைக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று எல்லாம் எளிய தமிழில் வரும். உங்கள் கேள்விகளை இந்த மாதக் கடைசிக்குள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினாலும் போதும். பெயர், ஊர் போட வேண்டாம் என்றால் ஓரத்தில் ஒரு வார்த்தை குறித்துவிடுங்கள். போடி அக்கா, அண்ணன் என்ன சொன்னார் என்று நீங்களும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்